டெபொசிஷன் சுருக்கெழுத்தர் யார்? முன்பதிவுக்கு முன் பாருங்கள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்க வழக்குகளுக்கு டெபொசிஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே சாட்சியிடம் பிரமாணத்தின்பேரில் வாக்குமூலம் பதிவு செய்வது) ஏற்பாடு செய்யும் நம்மில் பலருக்கு ஒரே சந்தேகம்: வழக்கறிஞரின் அலுவலக ஊழியரையே சுருக்கெழுத்தராக உட்கார வைக்கலாமா? கூடாது.

கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 28(சி) இதைத் தெளிவாகவே சொல்கிறது. வழக்கின் எந்தத் தரப்புக்கும் உறவினர், ஊழியர், வழக்கறிஞர் ஆகியோர் கூடாது. தரப்பு வழக்கறிஞருக்கு உறவினரோ அவரிடம் சம்பளம் வாங்குபவரோ கூடாது. வழக்கில் பண ஆதாயம் உள்ளவரும் கூடாது. வழக்கறிஞரின் மைத்துனர் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்தாலும் பயனில்லை.

வேகம் மட்டும் போதாது என்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்குள் நடக்கும் டெபொசிஷனில் சாட்சிக்குச் சத்தியப்பிரமாணம் செய்து வைக்கும் அதிகாரம் சுருக்கெழுத்தருக்கு இருக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் அவரை நியமித்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் நோட்டரி அதிகாரம் உள்ள சுருக்கெழுத்தரே வருகிறார். சாட்சி முறைப்படி பிரமாணம் எடுத்தார், பதிவு சரியானது என்று எழுத்தில் சான்றளிப்பவரும் அவரே.

விதி 29-இன்படி இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வேறொருவர் முன்னும் நடத்தலாம். அந்த ஒப்புதலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

சுருக்கெழுத்தரின் தகுதி குறித்து ஆட்சேபம் இருந்தால் டெபொசிஷன் தொடங்கும் முன்பே வழக்கறிஞருக்குச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தும் சும்மா இருந்தால், விதி 32(டி)(2)-இன்படி ஆட்சேபிக்கும் உரிமை போய்விடும்.

மாநில நீதிமன்ற வழக்கு என்றால் அந்த மாநில விதியைத் தனியாகப் பார்க்கவும்.