‘எதை நம்புவது என்பது அவரவர் விருப்பம்’: சமூகவியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளாகச் சமூகவியல் நடத்தி வருகிறேன். உங்கள் நூலில் மதம், அறிவியல், கருத்தியல் மூன்றையும் நம்பிக்கை அமைப்புகளாக விளக்கும் அத்தியாயம் பற்றித்தான் இந்த மடல்.

அந்த அத்தியாயத்தின் நடுவில் ஓர் அட்டவணை இருக்கிறது. மதம் ‘மூடிய அமைப்பு’, அதாவது எதிர்ச்சான்றுக்கு இடம் தராதது. அறிவியல் ‘திறந்த அமைப்பு’, அதாவது சோதனைக்கு இடம் தருவது. கருத்தியல் ‘அதிகாரத்தின் முகமூடி’. அட்டவணை முடிந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: சமூகவியல் பார்வையில் இவை மூன்றும் நம்பிக்கை அமைப்புகளே. மாணவர்கள் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். வாக்கியத்தை நம்பிவிடுகிறார்கள்.

சென்ற பருவத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி அட்டவணையைப் பிசகில்லாமல் எழுதி, அதன் கீழே இப்படி முடித்திருந்தாள்: “மூன்றும் நம்பிக்கையே என்பதால், எதை நம்புவது என்பது அவரவர் விருப்பம்.” மதிப்பெண் திட்டப்படி அதற்கு முழு மதிப்பெண் உண்டு. போட்டேன். போட்ட பிறகு அந்தத் தாளை அடுக்கில் வைக்கக் கை வரவில்லை. மறுநாள் அவளை அழைத்துக் கேட்டேன். பையிலிருந்து உங்கள் நூலை எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்த அந்த வாக்கியத்தைக் காட்டி, “அப்படித்தானே இதில் இருக்கிறது, சார்?” என்றாள். அப்படித்தான் இருந்தது.

சமூகவியல் சொன்னது அதுவா? 1976இல் அறிவியலைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த டேவிட் புளூர் ஒரு நெறியை முன்வைத்தார். ஒரு கருத்து உண்மை என்று கருதப்பட்டாலும் பொய் என்று கருதப்பட்டாலும், மக்கள் அதை ஏன் ஏற்றார்கள் என்பதற்கு ஒரே வகைக் காரணங்களைத் தேடு என்பது அந்த நெறி. அது ஆய்வு செய்யும் முறை. எல்லா நோயாளிகளுக்கும் ஒரே தெர்மாமீட்டர் வைக்கப்படுகிறது என்பதால் எல்லோருக்கும் ஒரே அளவு காய்ச்சல் என்று ஆகிவிடாது. உங்கள் வாக்கியம் முறையைத் தீர்ப்பாக மாற்றிவிட்டது.

அட்டவணையிலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ‘மூடிய அமைப்பு’ என்பதற்கு நீங்கள் தரும் சான்று நடு ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்கள். ஒன்றரை வரியில் அவர்களைக் கடந்துவிடுகிறீர்கள். மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் அவர்களைப் பற்றி 1937இல் எழுதியதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தானியக் குதிர் ஒன்று சரிந்து, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள்மீது விழுகிறது. குதிரின் கால்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது அசாண்டே மக்களுக்கு நன்றாகத் தெரியும். அதை அவர்கள் மறுக்கவே இல்லை. இந்த மனிதர்கள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் விழுந்தது என்பதே அவர்களுடைய கேள்வி. பில்லிசூனியம் என்ற விடை அந்தக் கேள்விக்கு உரியது. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ‘ஏன் எங்களுக்கு?’ என்று கேட்காதவர் யார்?

யார் குற்றவாளி என்று அறிய, ‘பெங்கே’ என்ற நஞ்சைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். குஞ்சு சாகிறதா பிழைக்கிறதா என்பதே விடை. அதே கேள்வியைப் புரட்டிப் போட்டு இரண்டாவது குஞ்சிடமும் கேட்பார்கள். முதல் குஞ்சு செத்தால் இரண்டாவது பிழைக்க வேண்டும். அதாவது, சரிபார்க்கும் ஏற்பாடு அவர்களிடமும் இருந்தது. இரண்டும் முரண்பட்டால்? தவறான கொடியிலிருந்து நஞ்சு எடுத்திருப்பார்கள், யாரோ விலக்கை மீறியிருப்பார்கள், சூனியமே குறியைக் கெடுத்திருக்கும் என்று காரணங்கள் தயாராக இருந்தன. எந்த முரண்பாடு வந்தாலும் நம்பிக்கை இன்னும் உறுதிப்பட்டதே தவிர ஆட்டம் காணவில்லை. மூடிய அமைப்பு என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இனி அறிவியலுக்கு வருவோம். யுரேனஸ் கோள் நியூட்டனின் விதிப்படி ஓடவில்லை என்று தெரிந்தபோது, யாரும் நியூட்டனைக் கைவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்றார்கள். பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டுச் சொன்ன இடத்துக்கு மிக அருகில், 1846இல் பெர்லின் வானாய்வகத்தில் நெப்டியூன் அகப்பட்டது. புதன் கோளும் கணக்குக்கு அடங்காமல் ஓடியபோது, 1859இல் அதே லெ வெரியே அதே உத்தியைக் கையாண்டார். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு ‘வல்கன்’ என்று பெயரும் வைத்தாகிவிட்டது. பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. புதனின் போக்குக்கு 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல்தான் விடை தந்தது. அதுவரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக, பொருந்தாத அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு வானியல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோட்பாட்டைக் காப்பாற்ற வல்கனைக் கற்பித்ததும், குறியைக் காப்பாற்ற ‘தவறான கொடி’ என்று சொன்னதும் ஒரே மனித இயல்பு. 1952இல் அறிவியலாளரும் தத்துவவாதியுமான மைக்கேல் போலன்யி இந்த ஒப்புமையை நேர்மையாகப் பேசினார். முரண்பாடு வந்த உடனே அறிவியலாளர்கள் தங்கள் அடிப்படைக் கோட்பாட்டைக் கைவிடுவதில்லை என்று அறிவியல் வரலாற்றாசிரியர் தாமஸ் கூன் 1962இல் முன்வைத்த வாதமும் இதற்குப் பக்கத்து வீடுதான். இதை மறைத்துவிட்டு, அறிவியலாளர் ஒவ்வொருவரும் தன் கோட்பாட்டைப் பொய்ப்பிக்கவே காலையில் எழுகிறார் என்று மாணவர்களுக்குச் சொல்வது நியாயமில்லை. பொய்ப்பிக்க முடிவதே அறிவியலின் அடையாளம் என்ற தத்துவவாதி கார்ல் பாப்பர் சொன்னது அறிவியல் எப்படி இருக்க வேண்டும் என்பதை. ஆய்வகத்தின் அன்றாடத்தை வர்ணிப்பது அவர் நோக்கமன்று.

ஆனால் வேறுபாடும் இதே கதைக்குள் இருக்கிறது. வல்கன் இருந்தால் எங்கே இருக்கும் என்று சொல்ல முடிந்தது. லெ வெரியேவை மதிக்காத நாட்டினரும் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்க முடிந்தது. இல்லை என்று சொன்னவருக்குத் தலை போகவில்லை. 1942இல், உலகப் போரின் நடுவே, சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் அறிவியலின் நான்கு நெறிகளை எழுதியபோது கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: யார் சொன்னார் என்று பாராமல் சோதிப்பது, கண்டதைப் பொதுவில் வைப்பது, ஆதாயம் கருதாமை, அமைப்பு முறையிலான ஐயம். உங்கள் அட்டவணையில் இவை அறிவியலின் பிறவிக் குணங்கள்போல் இருக்கின்றன. இவை ஒரு சமூகம் காவல் காத்தால் மட்டுமே நிற்கும் வழக்கங்கள்.

காவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நிகொலாய் வாவிலோவின் வாழ்வு போதும். உலகம் முழுக்க அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த அந்தச் சோவியத் மரபியலாளர் 1940இல் கைது செய்யப்பட்டு, 1943இல் சிறையில் இறந்தார். மரபியலை முதலாளித்துவப் பொய் என்று தள்ளிய சோவியத் வேளாண் அறிஞர் லைசென்கோவின் கோட்பாடு, 1948 ஆகஸ்டில் கட்சியின் ஆசியோடு அதிகாரபூர்வமானது. ஆய்வகங்கள், ஆய்விதழ்கள், பட்டங்கள் எல்லாம் இருந்தன. ‘இது தவறு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. அட்டவணையின் எந்தக் கட்டத்தில் இதை வைப்பீர்கள்? கருத்தியல் மூன்றாவது கட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பொருளன்று. மற்ற இரண்டுக்குள்ளும் புகுந்து வேலை செய்வது அது. நம் சிந்தனைக்கும் அது பொருந்தும் என்று 1929இலேயே சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் எச்சரித்தார். எதிராளியிடம் மட்டும் கருத்தியலைக் காண்பது பாதிக் கண்ணால் பார்ப்பது.

மதத்துக்கு நீங்கள் செய்திருக்கும் அநீதி வேறு வகை. நிரூபிக்க முடியாத கூற்றுகளின் பட்டியலாக அதைச் சுருக்கிவிட்டீர்கள். சமூகவியலாளர் துர்கைம் 1912இல் காட்டியது கூடுகிற மக்களை. சேர்ந்து செய்யும் சடங்கில் தங்களைவிடப் பெரிய ஒன்றை அவர்கள் உணர்கிறார்கள், அந்தப் பெரியது அவர்களுடைய சமூகமே என்றார். மார்க்ஸிடமிருந்து ‘அபின்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் உள்ள வரியில் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்கிறார், இதயமற்ற உலகின் இதயம் என்கிறார். அபின் அக்காலத்தில் வலி தணிக்கும் மருந்துமாகும். இதை விட்டுவிட்டால் மார்க்ஸ் வெறும் வசைபாடியாகத் தெரிகிறார். மதம் எப்போதும் ஆள்வோர் பக்கம் என்ற உங்கள் வரியும் நிற்காது. எல் சால்வடோரில் அடக்குமுறையை எதிர்த்துப் பேசிய பேராயர் ஆஸ்கர் ரோமெரோ 1980 மார்ச் 24 அன்று வழிபாட்டின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார்.

நான் கேட்பது பெரிய மாற்றமன்று. அடுத்த பதிப்பில் அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு கேள்விகளை வையுங்கள்: எதிர்பார்த்தது பொய்த்தபோது அந்தச் சமூகம் என்ன செய்தது? பொய்த்தது என்று வாய்விட்டுச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது? அசாண்டேயின் கோழிக்குஞ்சையும் வல்கனையும் வாவிலோவின் சிறையையும் அடுத்தடுத்து வைத்து மாணவர்களே விடை தேடட்டும். அவர்கள் மதத்தை இளக்காரமாகப் பார்க்கவும் வேண்டாம், அறிவியலை வணங்கவும் வேண்டாம். ‘மூன்றையும் ஒப்பிடுக’ என்ற பத்து மதிப்பெண் வினாவையும் கைவிடுங்கள். அந்த வினா இருக்கும்வரை அட்டவணை வேறொரு பக்கத்தில் முளைத்துவிடும்.

நான் குறிப்பிட்ட மாணவி இந்த ஆண்டு படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவளோடு பேச எனக்குக் கிடைத்தது ஒரு அரை மணி நேரம். அதில் லெ வெரியே வரைதான் போக முடிந்தது. நீங்கள் திருத்த வேலையைத் தொடங்கும்போது சொல்லுங்கள். பெயரை மறைத்து, அந்த விடைத்தாளின் நகலை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சமூகவியல் ஆசிரியர்