செருப்பைத் தேடிய காவலாளி

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுவுக்கு,

உன் நாவலை இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை ஒரே மூச்சில், இரண்டாம் முறை கையில் பென்சிலோடு. நிழலை விற்கும் சந்தையில் அந்தக் கிழவி விலை பேசும் பக்கத்தை உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் என் பென்சில் நின்றுவிட்டது.

இளவரசன் இரவில் கோட்டைக்குள் நுழைகிறான். வாசலில் காவலாளிகள் பதினொரு பேர். ஒன்றரைப் பக்கத்துக்குள் அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்கிறான். அவர்களில் ஒருவன் தூக்கக் கலக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். மூன்று அத்தியாயம் தாண்டி, ஊரையே எரித்த அரசன் காலில் விழுந்ததும், உயிரை எடுக்கும் உரிமை எனக்கில்லை என்று வாளை வீசி எறிகிறான். படையே அழுகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கண்ணு. அந்தச் செருப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ படித்து வளர்ந்த மாயக் கதைகளிலும் இது இருக்கிறது. தலையணைக்கடியில் வைத்துப் படித்தாயே, ஹாரி பாட்டர். வதைக்கும் மந்திரத்தை மனிதர் மேல் ஏவினால் ஆயுள் சிறை என்று நாலாம் புத்தகம் சொல்கிறது. ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலின் தாயும் தகப்பனும் அந்த மந்திரத்தால்தான் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். 2007இல் வந்த கடைசிப் புத்தகத்தில், தன் ஆசிரியையின் முகத்தில் துப்பியவன் மேல் ஹாரி அதையே ஏவுகிறான். ஆசிரியை மெச்சுகிறார். கதை அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. பையனுக்குக் கோபம் வந்ததை நான் குறை சொல்லவில்லை. அந்த அறையில் ஒருவர்கூட நெவிலின் பெற்றோரை நினைக்கவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மோதிரக் கதை எழுதிய டோல்கீன், முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1954இல் வந்த அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தில், எதிரிப் படையின் அரக்கர்களான ஓர்க்குகளை யார் அதிகம் கொன்றது என்று நாயகர் பக்கத்து வீரர்கள் லெகோலஸும் கிம்லியும் எண்ணிப் போட்டி போடுகிறார்கள். ஒருவனுக்கு 41, மற்றவனுக்கு 42. அதே பாகத்தில், எதிரிப் படையில் வந்த மனிதன் ஒருவன், நாயகனின் துணைவன் சாமுக்குப் பக்கத்தில் செத்து விழுகிறான். இவன் பேர் என்ன, எந்த ஊர், உள்ளபடியே கெட்டவன்தானா, வீட்டிலேயே இருந்திருக்க ஆசைப்பட்டானோ என்று சாம் யோசிக்கிறான். ஓர்க்குக்காக அப்படி யோசிக்க யாரும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு பத்திக்காக அந்த மனிதரை நான் கும்பிடுவேன்.

எனக்குப் பத்து வயதில் உன் அப்புச்சி ஒற்றப்பாலம் பக்கம் ஒரு காவுக்கு, அதாவது பகவதி கோயிலுக்கு, தோல்பாவைக்கூத்துப் பார்க்கக் கூட்டிப்போனார். தாரிகன் என்ற அசுரனோடு போருக்குப் போனதால் ராம ராவண யுத்தத்தைக் காணாமல் போன பத்ரகாளிக்காக ஆடுகிற கூத்து அது. மலையாளத்துக் காவில் பாடுவதோ கம்பன் பாட்டு. கூத்துமாடத்துத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்கு. திரைக்கு முன்னால் நாங்களும் இன்னும் நாலைந்து பேரும். அன்றைக்கு வாலி வதம். அம்பு பட்ட வாலிப் பாவை சாய்ந்தது, ஆனால் திரையை விட்டுப் போகவில்லை. அம்பிலிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, 'வில்லறம் துறந்த வீரன்' என்று ராமனுக்காக அவன் வெட்கப்படுகிறான். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். மறைந்து நின்று ஏன் எய்தாய் என்ற கேள்விக்கு ராமன் வாய் திறப்பதில்லை, லட்சுமணன்தான் பதில் சொல்கிறான். ராமனைத் தெய்வமாகக் கும்பிடும், பாவை ஆட்டிப் பாடும் புலவர்கள்தான் வாலியை அவ்வளவு நேரம் பேசவிட்டார்கள். எண்ணெய்ப் புகையில் கண் எரிய எரிய, நான் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிதில், ஏழாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் தாமதமாக வந்து கடைசி பெஞ்சில் தூங்குவான். ஒருநாள் கையை நீட்டச் சொல்லி அடித்தேன். உள்ளங்கை ரேகைகளில் அரிசித் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் செக்போஸ்டைச் சுற்றிக்கொண்டு, விடியுமுன் ஊடுவழியாகத் தமிழ்நாட்டு ரேஷன் அரிசி மூட்டை சுமந்துவிட்டு வருகிறான். சட்டவிரோதம், படிப்பு கெடும் என்று வகுப்பு முழுவதும் கேட்கப் பேசினேன். அன்று சாயங்காலம் வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியும் அந்த வழியாக வந்ததுதான். எனக்கு அது தெரியும். கண்டிப்பான, நேர்மையான டீச்சர் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பையன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இளவரசனை நல்லவனாக மாற்று என்று நான் சொல்லவில்லை. அவன் வெட்டட்டும், அரசனை மன்னிக்கவும் செய்யட்டும். ஆனால் செருப்பைத் தேடியவனை உடனே சாகவிடாதே. அரைப் பக்கம் கொடு, ஒரு கேள்வி கேட்கட்டும். இளவரசனிடம் பதில் இல்லாவிட்டால் இல்லாமலே விட்டுவிடு, நீ எழுதிக் கொடுக்காதே.

கட்டுத் தாள்களைத் திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். காவலாளிக்குப் பெயர் வைக்கத் தோன்றாவிட்டால் எனக்கு போன் செய். அந்தப் பையனின் பெயரைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா