நாலு தகடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். புது காருக்குப் பின்னால் இறக்கை வைக்க, மாதிரிக்கு அட்டையை வெட்டி டிக்கி மேல் டேப் போட்டு நிறுத்தியிருக்கிறாய். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பழையபடி ஆரம்பிச்சுட்டான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கண்ணில் முதலில் பட்டது வேறு. இடது பக்கத்தைவிட வலது பக்கம் ஒரு விரல் அளவு தூக்கி நிற்கிறது. நீ முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வரைந்திருப்பாய். பாதியை மட்டும் வரைந்து வெட்டு, அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை வெட்டு. சட்டைக்கு முதுகுத் துண்டு வெட்டும்போது துணியை ஏன் இரண்டாக மடிக்கிறேன் என்று சின்ன வயதில் கேட்டாயே, இதற்குத்தான். இரண்டு தோளையும் தனித்தனியாக வரைந்தால் ஒருநாளும் ஒன்றுபோல வராது.

ஒன்று கேட்கிறேன், எரிச்சல்படாதே. இது அழகுக்கா, வேலைக்கா? அழகுக்கு என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலரால் கழுத்துக்கு என்ன உபயோகம்? ஆனாலும் காலர் வேண்டாம் என்று யாரும் வந்து நிற்பதில்லை. வேலைக்கு என்றால் கணக்கு வேறு. முன்பு நம் பழைய காருக்கு இறக்கை செய்தபோது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம், அதில்தான் பாதித் தப்பு நடந்தது.

நீ விட்டுப்போன நோட்டு இன்னும் என் தையல் மிஷின் மேஜையில்தான் இருக்கிறது. ஸ்பாய்லர் வேறு, இறக்கை வேறு என்று அதில் நீயே எழுதி வைத்திருக்கிறாய். உடலோடு ஒட்டி நின்று, காற்று ஓடும் வழியைக் கெடுத்து, காரைத் தூக்கும் விசையைக் குறைப்பது ஸ்பாய்லர். இரண்டு கால் மேல் தள்ளி நின்று, விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்ததுபோல காரைக் கீழே அழுத்துவது இறக்கை. 1961இல் ரேஸ் ஓட்டுநர் ரிச்சி கின்தர் பெராரி ரேஸ் காரைச் சோதித்தபோது வால் விளிம்பில் ஒரு தகட்டை எழுப்பி வைத்ததும் கார் நிலைக்கு வந்ததே, அது முதல் வகை. உன் அட்டை இரண்டாவது வகை. கீழே சந்து விட்டுத் தூக்கி நிறுத்தியிருக்கிறாய்.

அந்த இறக்கைக்கு நல்ல காற்று கிடைக்கிறதா என்று பார்த்தாயா? நாம் பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? என் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி, கூரையிலும் பின்கண்ணாடியிலும் டிக்கியிலும் வரிசை வரிசையாக ஒட்டினாய். ஆளில்லாத ரோட்டில் அப்பா அறுபதில் ஓட்ட, நாம் இருவரும் மாமா வண்டியில் பின்னால் போய்ப் படம் பிடித்தோம். கூரையில் இருந்த நூலெல்லாம் சீவிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தது. கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுழன்றது. டிக்கி மேல் இருந்த இரண்டு நூல் எதிர்த்திசையில், காருக்கு முன்பக்கமாகவே படுத்திருந்தன. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. கார் முன்னால் போகிறது, அதன் முதுகில் காற்றும் முன்னால் போகிறது! கூரைச் சரிவு செங்குத்தாக இறங்கினால் காற்று அதைப் பிடித்துக்கொண்டு வர முடியாமல் பிய்ந்துவிடுகிறது. பிய்ந்த இடத்தில் சுழல்தான். அந்தச் சுழலுக்குள் நிற்கும் இறக்கை சும்மா நிற்கிறது. உன் புது காரின் பின்கண்ணாடி இன்னும் நிமிர்ந்தது. அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒருநாள் நூல் ஒட்டிப் பார். நூல் உன்னிடம் இருக்காது, இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். சிவப்பு, தூரத்தில் இருந்தும் தெரியும்.

அடுத்தது பாரம். காற்று அழுத்தும் விசை வேகத்தோடு கூடுவதில்லை, வேகத்தின் இருமடியோடு கூடுகிறது. நோட்டின் பின்னட்டையில் நான் போட்டுப் பார்த்த கணக்கு: 120 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் ஓர் இறக்கை, நல்ல காற்றில், நல்ல கோணத்தில் நின்றால் 60 கி.மீ. வேகத்தில் சுமார் 3 கிலோ அழுத்தம். அதே இறக்கை 120இல் 12 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, பாரம் நாலு மடங்கு. தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஆடவே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, உன் காரில் இன்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை. டிக்கி நுனியில் அழுத்தினால் பின்அச்சைத் தாண்டி அழுத்துகிறாய், சீசா பலகை மாதிரி முன்பக்கம் எழும்பும். இரண்டு அச்சுக்கும் நடுவே 2.5 மீட்டர், இறக்கை பின்அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி என்றால், 10 கிலோ அழுத்தும்போது பின்சக்கரங்களில் 14 கிலோ கூடும், முன்சக்கரங்களில் 4 கிலோ குறையும். ஸ்டியரிங்கும் அங்கே, இழுப்பும் அங்கே. 1971இல் ரேஸ் கார் செய்த டான் கர்னி இறக்கையின் பின்விளிம்பில் ஒரு சின்னப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார். நாம் துணி ஓரம் மடிப்பதுபோல அவ்வளவுதான். முதலில் ஒரு சுற்று ஓடும் நேரம் குறையவே இல்லையாம். பின்பக்கம் அவ்வளவு பிடித்துக்கொண்டதால் முன்பக்கம் திரும்ப மறுத்தது என்று பிறகுதான் புரிந்தது. ரேஸ் காருக்கே அப்படி என்றால் உன் காரைச் சொல்லவே வேண்டாம். என்னைக் கேட்டால் உயரத்தைக் குறை, உடம்போடு ஒட்டின சின்ன விளிம்பாகவே செய். கேட்கமாட்டாய், தெரியும்.

செய்யும் முறையில் உனக்குப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தெர்மாகோல் கதையை மட்டும் மறக்காதே. மூன்று நாள் வெட்டி, உப்புத்தாள் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு தடவினாலும் மேடு பள்ளம் தெரியாத அளவுக்குத் தேய்த்தோம். நீ பாலியஸ்டர் ரெசினை, அந்த இறுகும் பிசினை, பிரஷ்ஷில் தோய்த்து முதல் இழுப்பு இழுத்தாய். வெயிலில் வைத்த மெழுகு மாதிரி என் கண்ணெதிரே அது குழிந்து உள்ளே போனது. நீ பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாய். அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும் என்பது அன்றைக்கு நம் மூன்று பேருக்கும் தெரியாது. தெர்மாகோல்தான் வேண்டும் என்றால் மேலே எபாக்ஸி ரெசின் போடு. பாலியஸ்டர்தான் கிடைக்கிறது என்றால் உள்ளே பாலியூரிதேன் ஃபோம் வை.

எபாக்ஸி போட்டால், மேலே போர்த்துவதற்குக் கண்ணாடி நாரை ஒட்டிப் பாய் மாதிரி செய்த மேட் வாங்காதே. அதில் நாரைப் பிடித்து வைக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது, எபாக்ஸியில் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த கண்ணாடி நார்த் துணி வாங்கு. அதை நேர் நூலில் வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும், நீ எவ்வளவு தட்டினாலும் காற்றுக் குமிழ் போகாது. கிராஸாக வெட்டு. பாவும் ஊடையும் வளைவுக்கு 45 டிகிரியில் வருகிற மாதிரி. கழுத்துப் பட்டிக்கு கிராஸ் துண்டு ஏன் போடுகிறேனோ அதே காரணம்தான், கிராஸில் துணி இழுபட்டு வளைவோடு போகும். அன்றைக்கு நீ ரெண்டு மணி நேரம் போராடிய மூலையை நான் கத்தரியை வாங்கி அஞ்சு நிமிஷத்தில் உட்கார வைத்தேனே, அதில் வித்தை வேறெதுவும் இல்லை.

எபாக்ஸியைக் கண்ணளவில் கலக்காதே, தராசில் வைத்துக் கல. சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை, அதாவது இறுக வைக்கும் திரவத்தை, கூட்டி ஊற்றினால் காயாது, பிசுபிசுத்தே கிடக்கும். ஒரே டப்பாவில் நிறையக் கலந்து வைத்தாலும் தானே சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கல. கண்ணாடி, கையுறை, ஆவிக்கான மாஸ்க் மூன்றும் போடு. பாலியஸ்டர் பக்கம் போனால் அதன் ஹார்டனர் கண்ணில் ஒரு துளி தெறித்தால் போதும், பார்வையே போகும். உப்புத்தாள் போடும்போது முழுக்கைச் சட்டை. அந்த நார்த்தூள் அரிப்பு எனக்கு ஒரு வாரம் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

பட்டி, ப்ரைமர், பெயின்ட் எல்லாம் உனக்கு என்னைவிட நன்றாக வரும். விளிம்பை மட்டும் கத்தி மாதிரி விடாதே, உருட்டு. பக்கத்தில் நடந்து போகிறவர்களின் கை இடிக்கும் உயரம் அது. மூன்றாவது பிரேக் விளக்கு மறைகிறதா என்று வேறு யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார். அங்கே இப்படி மாட்ட என்ன விதி, இன்ஷூரன்ஸ்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை டிரில்லை எடுக்கும் முன் விசாரி.

இனிதான் விஷயம். ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நம் பழைய காரில் நீ அந்த இறக்கையை மாட்டியபோது ஒவ்வொரு காலுக்கும் இரண்டாக நாலு ஸ்க்ரூ, மேலிருந்து நேராக டிக்கித் தகட்டில் ஏற்றினாய். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தகடு. எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. கோட்டில் பெரிய பொத்தான் தைக்கும்போது உள்பக்கம் ஒரு குட்டிப் பொத்தானோ துணித் துண்டோ வைத்துத்தான் தைப்பேன். இல்லையென்றால் நூல் அறாது, துணி கிழியும். சொல்ல வாயெடுத்தேன். நீ மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து, உன் பரீட்சை சமயம், கார் துடைக்கும்போது பார்த்தேன். இடது காலின் பின் ஸ்க்ரூவைச் சுற்றி பெயின்ட்டில் மயிரிழை மாதிரி விரிசல், காஜா பிரிகிற மாதிரி. நகத்தால் கீறினேன், பெயின்ட் உதிர்ந்தது, கீழே துரு. இறக்கையைப் பிடித்து ஆட்டினேன். இறக்கை ஆடவில்லை, டிக்கித் தகடே மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது.

நீ பரீட்சைக்குப் போன பிறகு அப்பாவும் நானும் டிக்கியின் உள்ளட்டையைக் கழற்றினோம். ஸ்க்ரூ நாலையும் எடுத்துவிட்டு ஓட்டையைத் தேய்த்து ப்ரைமர் அடித்தோம். 2 மி.மீ. இரும்புத் தகட்டில் உள்ளங்கைப் பாதி அளவுக்கு நாலு துண்டு வெட்டி, மூலையெல்லாம் உருட்டி, அதற்கும் ப்ரைமர் அடித்து உள்பக்கம் வைத்து, போல்ட் நட் போட்டு முறுக்கினார் அப்பா. தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே ரப்பர் வாஷர். நீ ஒட்டிய கறுப்பு மூடியைத் திரும்ப அப்படியே வைத்துவிட்டோம். நடுவில் டிக்கிக் கதவு பாரம் தாங்காமல் இறங்கி அப்பா தலையில் இடித்தது. கதவுக் கம்பிகள் பழைய எடைக்குச் செய்தவைதானே. நெற்றி வீக்கம் அலமாரியில் இடித்தது என்று உன்னிடம் சொன்னாரே, அது பொய். உன் புதுக் கதவையும் மாட்டியதும் பாதியில் நிறுத்திப் பார், நிற்கிறதா என்று.

அதற்குப் பிறகு நீ நண்பர்களிடம், "நாலே நாலு ஸ்க்ரூ, இத்தனை நாளாச்சு, அசையல" என்று சொல்வாய். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் நீ அதையே சரியான முறை என்று நம்பிக்கொண்டு போய்விட்டாய். இப்போது உன் படத்தில் அட்டைக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஸ்க்ரூ பாக்கெட் கிடக்கிறது. பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. பழைய கார் எண்பதைத் தாண்டாது. உன் கார் அப்படியில்லை.

உன் நோட்டில் ஒட்டியிருக்கும் 1969 ஸ்பெயின் ஃபார்முலா 1 கார் பந்தயத்தைத் திரும்பப் படி. பார்சிலோனாவின் மோன்ட்ஜுயிக்கில், லோட்டஸ் கார்கள் இரண்டிலும் உயரமான பின் இறக்கை ஓட்டத்திலேயே மடங்கியது. முதலில் கிரகாம் ஹில் ஓட்டிய கார், சில சுற்று கழித்து அதே இடத்துக்குப் பக்கத்தில் யோக்கன் ரிண்ட் ஓட்டிய கார். இருவரும் உயிர் பிழைத்தார்கள், ரிண்டுக்கு முகத்தில் அடி. இரண்டே வாரத்தில், மொனாக்கோவில், உயரமான இறக்கைகளைத் தடை செய்தார்கள். அவ்வளவு பெரிய ஆட்கள் செய்ததே தாங்கவில்லை. நீ படத்தை ஒட்டி, கீழே காரின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறாய்.

டேப் மட்டும் போதும் என்கிற யோசனையும் உனக்கு வரும். சின்ன விளிம்பாக இருந்தால் நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் தாங்கும். ஆல்கஹால் போட்டுத் துடைத்து, குளிரில்லாத நேரத்தில் அழுத்தி ஒட்டி, மூன்று நாள் விட்டுவிடு. கால் வைத்த இறக்கைக்கு டேப் வேண்டாம்.

நாலு தகடும் நூலோடு பார்சலில் வருகின்றன. காரை விற்றபோது அப்பா கழற்றி எடுத்து வைத்திருந்தார். கொஞ்சம் துரு இருக்கும், தேய்த்துக்கொள். உன் கார் ஓட்டைக்குப் பொருந்தாவிட்டால் அதே அளவில் புதிதாக வெட்டிக்கொள், ஆனால் இதைவிடச் சின்னதாக வேண்டாம்.

மாட்டி முடித்ததும் படம் அனுப்பு. வெளியே எடுத்த படம் அப்பாவுக்கு. எனக்கு டிக்கியைத் திறந்து, உள்ளட்டையை மாட்டும் முன், டார்ச் அடித்து உள்பக்கம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா