பின்னால் வரும் காரின் காற்று

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். மோட்டார்ஹோமுக்கு, அதுதான் உங்கள் வீட்டு வண்டிக்கு, பின்னால் உங்கள் காரையும் நான்கு சக்கரமும் தரையில் உருள மாட்டி இழுத்துக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். இரண்டையும் இணைக்கும் டோ பார், பாதுகாப்பு வயர், காருக்குள் வைக்கும் பிரேக் கருவி என்று எல்லாவற்றையும் மாப்பிள்ளை நன்றாக விசாரித்து மாட்டியிருக்கிறாராம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி இருந்ததா என்று அம்மாவைக் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. போனில் பாதி சொல்லி பாதி விட்டுப்போகும் விஷயம் இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்தே படியுங்கள்.

நீ தினமும் ஓட்டும் காரில் ஒரு டயர் இறங்கினால் உனக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், சத்தம் மாறும், உட்கார்ந்திருக்கும் இடமே அதிரும். அதே கார் பின்னால் இழுபட்டு வரும்போது இதில் எதுவும் உன்னை வந்து சேராது. முன்னால் போவது பத்து டன்னைத் தாண்டும் வண்டி. அதற்குப் பின்னால் ஒன்றரை டன் காரின் ஒரு டயர் இறங்குவது எருமை மேல் மழை பெய்த மாதிரிதான். இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், அவ்வளவே. ஆனால் அந்த டயர் காற்றில்லாமல் மடங்கி மடங்கிச் சூடேறிக்கொண்டே இருக்கும். பக்கச் சுவர் கிழியும். பிறகு ரப்பர் துண்டு துண்டாகப் பறந்து மட்கார்டையும் பிரேக் குழாயையும் அடித்து உடைக்கும். அதற்கும் பிறகு ரிம் தரையில் உரசிக்கொண்டு வரும். நாங்கள் ஓட்டிய காலத்தில் இப்படி ஒரு கார் எங்களுக்கு முன்னால் போனதைப் பார்த்திருக்கிறோம். ரிம்மிலிருந்து தீப்பொறி பறக்கிறது, மோட்டார்ஹோம் அதே வேகத்தில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் போய் ஹாரன் அடித்து அம்மா கையைக் காட்டிய பிறகுதான் அவர்கள் ஒதுங்கினார்கள். அன்றைக்குத் தீப்பிடிக்காமல் தப்பியது அவர்கள் அதிர்ஷ்டம்.

பின் கேமராதான் இருக்கிறதே என்று நீ கேட்பாய். கேமராவில் காரின் பானெட்டும் கண்ணாடியும் தெரியும், கார் மாட்டியபடியே இருக்கிறதா, நேராக வருகிறதா என்பது தெரியும். டயர் தெரியாது. பின் சக்கரங்கள் தெரியவே தெரியாது. முன் டயர் முழுக்க இறங்கி கார் ஒரு பக்கம் சாய்ந்தால் கவனிக்க முடியலாம். அந்த நேரத்தில் டயர் கையை விட்டுப் போயிருக்கும்.

காரிலேயே டயர் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 2000-ல் வந்த டிரெட் என்ற டயர் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 2008 மாடல் வருடத்திலிருந்து 10,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட ஏறக்குறைய எல்லாப் புதிய வண்டிகளிலும் அதைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் காரிலும் இருக்கும். ஆனால் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று யோசித்துப் பார். காருக்குள் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்காக. சக்கரத்தில் இருக்கும் சென்சாரின் சிக்னலை வாங்கும் பெட்டி காருக்குள் இருக்கிறது, விளக்கு எரிவதும் அந்த டாஷ்போர்டில்தான். காரை அணைத்து இழுத்துப்போகும்போது அந்தப் பெட்டி தூங்கும். தூங்காவிட்டாலும் ஆளில்லாத காரில் விளக்கு எரிந்து என்ன பயன்? சில கார்களில் சக்கரத்தில் சென்சாரே கிடையாது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் அளக்கும் சக்கர வேகத்தை வைத்துக் கணக்குப் போடும். கார் அணைந்திருந்தால் அதுவும் வேலை செய்யாது. இன்னொன்று, அந்த விளக்கு எரிவதற்குள் அழுத்தம் 25 சதவீதம் வரை குறைந்திருக்கலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஹைவேயில் மணிக்கணக்காக இழுபடும் டயருக்கு அது ரொம்பத் தாமதம்.

ஆகவே தனியாக ஒரு கருவி வாங்கியே ஆக வேண்டும். மோட்டார்ஹோமின் ஆறு டயர், காரின் நான்கு, மொத்தம் பத்து சென்சார். உங்கள் வண்டியில் பின்னால் இன்னொரு அச்சு இருந்தால் பன்னிரண்டு. காசைக் குறைக்க மோட்டார்ஹோமுக்கு மட்டும் வாங்கலாம் என்று தோன்றும். வேண்டாம்மா. எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால்கூட காரின் நான்கையும் விடாதே. மோட்டார்ஹோமின் முன் டயர் இறங்கினால் ஸ்டீயரிங்கே சொல்லிவிடும், கார் டயரைப் பற்றிச் சொல்ல உனக்கு வேறு யாரும் இல்லை.

சென்சாரில் இரண்டு விதம் உண்டு. ஒன்று வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகுவது. இன்னொன்று டயரைக் கழற்றி உள்ளே பொருத்துவது. காருக்கு முதல் விதம் போதும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருகும் சென்சார், வால்வுக்குள் இருக்கும் ஊசியை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அப்படி அழுத்தினால்தான் அதனால் அழுத்தத்தை அளக்க முடியும். அப்படியென்றால் டயருக்குள் காற்றை அடைத்துவைப்பது இனி ஊசி அல்ல, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். அதில் மண் ஒட்டினாலோ, திருகு சரியாக உட்காராவிட்டாலோ, காற்றைக் காவல் காக்க வந்த கருவியே காற்றைக் கசிய விடும். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வால்வு ரப்பர் தண்டாக இருந்தால் டயர் கடையில் சொல்லி உலோகத் தண்டாக மாற்றிக்கொள்ளுங்கள். சக்கரம் சுழலும்போது சென்சாரின் எடை ரப்பரை ஓயாமல் வளைக்கும், நாள்பட அதன் அடியில் வெடிப்பு விடும். காரில் ஏற்கெனவே உள்ளே சென்சார் இருந்தால் வால்வுத் தண்டும் அதனோடு சேர்ந்ததாக இருக்கும். அது அலுமினியம் என்றால், பித்தளைத் திருகு உள்ள சென்சார் அதில் உப்புப் பூத்துக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

அடுத்தது தூரம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து காரின் பின் சக்கரம் ஐம்பது, அறுபது அடி தள்ளி இருக்கிறது. நடுவில் இரும்பும் அலுமினியமும். சின்ன பட்டன் பேட்டரியில் ஓடும் சென்சாரின் சிக்னல் அவ்வளவு தூரம் ஒழுங்காக வராது. அதற்காகவே சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் என்ற பெட்டி உண்டு. சில செட்டுகளில் கூடவே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். மோட்டார்ஹோமின் பின்பக்கம், 12 வோல்ட் மின்சாரம் கிடைக்கும் இடத்தில் வைத்தால் சரியாக இருக்கும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். காரை மாட்டி நிறுத்திவைத்துவிட்டு நீ ஓட்டுநர் இருக்கையில் உட்கார். மாப்பிள்ளை போய்க் காரின் பின் சக்கரத்தில் ஒரு சென்சாரைக் கழற்றட்டும். கழற்றியதும் அதற்கு அழுத்தம் பூஜ்யம். உன் எதிரில் அலாரம் அடிக்கிறதா, எத்தனை நேரம் கழித்து அடிக்கிறது? இதைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது. ஏனென்றால் சில கருவிகள் சிக்னல் வராமல் போனாலும் கடைசியாக வந்த எண்ணையே ரொம்ப நேரம் காட்டிக்கொண்டிருக்கும். திரையில் எண் இருக்கிறது என்பதால் சென்சார் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எவ்வளவு காற்று வைப்பது? காருக்கு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. அட்டையில் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது குளிர்ந்த டயருக்கான கணக்கு. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, காலையில் கிளம்புவதற்கு முன்னால் என்றால் மிக நல்லது. ஓட ஆரம்பித்ததும் டயர் சூடாகி அழுத்தம் நாலைந்து ஏறும், 37, 38 என்று காட்டும். அது இயல்பு. ஏறிவிட்டதே என்று காற்றை இறக்கிவிடாதே, மறுநாள் காலையில் குறைவாக இருக்கும். வெளி வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் கூடினாலோ குறைந்தாலோ ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. மாறும். மலை ஏறினாலும் மாறும். ஐயாயிரம் அடி ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இரண்டு, இரண்டரை கூடுதலாகக் காட்டும். அதனால் பள்ளத்தாக்கில் பிடித்த காற்றை மலைமேல் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

குறைவு அலாரத்தைக் குளிர்ந்த அழுத்தத்தை விட 15 சதவீதம் கீழே வை. 33-க்கு 28. அதிகத்துக்கு 41 போல. இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. டயர் சூடாகி 38-ல் ஓடும்போது கசிய ஆரம்பித்தால், 28-க்கு வந்து அலாரம் அடிப்பதற்குள் பத்து பி.எஸ்.ஐ. போயிருக்கும். ஆகவே அலாரத்துக்காகக் காத்திருக்காதே. காரின் நான்கு டயர் எண்களையும் சேர்த்துப் பார். நான்கும் சேர்ந்து ஏறினால் வெயில், சேர்ந்து இறங்கினால் மழையோ குளிரோ. வெயில் படும் பக்கத்து இரண்டும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். ஒன்று மட்டும் தன் ஜோடியை விட்டுப் பிரிந்து இறங்கினால் அது கசிவு, எண் இன்னும் 34 என்று நன்றாகவே தெரிந்தாலும் கசிவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை அந்தத் திரையைப் பார்க்கட்டும். எங்கள் வண்டியில் அது அம்மாவின் வேலை. அவள் எண்களைப் படிக்கிற குரலிலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

வெப்பநிலையும் திரையில் வரும். வெளியே மாட்டும் சென்சார் உண்மையான டயர் சூட்டைக் காட்டாது, வால்வு நுனியின் சூட்டைத்தான் காட்டும், வெளிக்காற்று அதைக் குளிர வைத்துவிடும். எண்ணை நம்பாதே, வித்தியாசத்தைக் கவனி. ஒரு சக்கரம் மட்டும் சூடாகிக்கொண்டே போனால் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது என்று சந்தேகப்படு. காருக்குள் வைத்த பிரேக் கருவி பெடலை முழுக்க விடாமல் இருக்கலாம், ஹேண்ட் பிரேக் போட்டபடியே இருக்கலாம். நிற்கும் இடத்தில் இறங்கி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டு போ, தொட வேண்டாம். ஒன்று அனல் அடித்தால் அங்கேயே நின்று காரணம் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது? சட்டென்று பிரேக் போடாதே. அபாய விளக்கைப் போட்டு வேகத்தைக் குறை. மெல்லக் குறைகிறது என்றால் அடுத்த வெளிவழியில் இறங்கி அகலமான சமதளம் தேடு. வேகமாக இறங்குகிறது என்றால் இடம் பார்க்காதே, சாலையோரம் ஒதுங்கிவிடு. டயருக்காக ஆசைப்பட்டு இன்னும் ஒரு மைல் போனால் ரிம்மும் போகும். ஒதுங்கும்போது ஒன்றை நினைவில் வை: நான்கு சக்கரமும் தரையில் இருக்கிற காரை மாட்டியபடி பின்னால் எடுக்க முடியாது. முன் சக்கரம் திருகிக்கொண்டு டோ பார் வளைந்துவிடும். அதனால் முன்னோக்கியே வெளியே வர முடிகிற இடமாகப் பார்த்து நுழை, நெருக்கடியான பெட்ரோல் பங்கில் போய்ச் சிக்கிக்கொள்ளாதே.

வண்டிகள் பறக்கும் பக்கத்து டயர் என்றால் நீங்களாக மாற்றவே வேண்டாம். உதவிக்குக் கூப்பிடுங்கள். உங்கள் சாலை உதவித் திட்டம் இழுபடும் காரையும் சேர்த்துதானா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள். காரில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார், இப்போது பல கார்களில் வெறும் ஒட்டுப் பசையும் சின்ன பம்பும்தான் தருகிறார்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருந்தால் அதை மாட்டி இழுக்காதே. காரைக் கழற்றி ஒருவர் மெதுவாகத் தனியே ஓட்டிப் போகட்டும். ஒரு 12 வோல்ட் பம்பும் காற்றழுத்தம் அளக்கும் ஒரு நல்ல கேஜும் காரிலேயே இருக்கட்டும். சூடான டயருக்குக் காற்று பிடிக்க வேண்டி வந்தால் எதிர்ப்பக்க ஜோடி காட்டும் அளவுக்குப் பிடி.

இழுபடும் தூரம் பல கார்களில் மைல் மீட்டரில் ஏறாது. மீட்டரைப் பார்த்து டயர் இன்னும் புதுசு என்று நினைத்துக்கொண்டிருப்போம், அதுவோ இரண்டு மடங்கு ஓடியிருக்கும். இழுத்த மைல்களை ஒரு நோட்டில் எழுதி வை. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். உங்கள் காரின் நான்கு டயருக்கும் அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்க்கிறேன்.

காரைக் கழற்றி ஊருக்குள் போகும்போது கருவி சிக்னல் இல்லை என்று கத்தும். அதற்காக அலாரத்தையே அணைத்துப் போடாதீர்கள், காரின் சென்சார்களை மட்டும் தற்காலிகமாக விலக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். மறுபடி மாட்டியதும் அவற்றைச் சேர்த்தாயா என்பதை, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் இறக்கியாயிற்றா என்று பார்க்கிற அதே சுற்றில் பார்த்துவிடு.

எந்தக் கருவி வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன்னால் ரிப்பீட்டர் சேர்ந்து வருகிறதா, சிக்னல் போனால் எத்தனை நிமிடத்தில் சொல்லும் என்று இரண்டையும் கேட்டு எழுது. கதவு அட்டையில் இருக்கிற எண்ணையும் சேர்த்து எழுது, அலாரக் கணக்கை நாம் சேர்ந்தே போட்டுவிடலாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அப்பா