கேட்பவர்கள் மாறிவிட்டார்கள்: கானா பாடகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னையின் கானா பாடகர்களுக்கும், மேடைக் கச்சேரி நடத்துவோருக்கும், கானாவுக்கென்றே யூடியூப் சேனல் வைத்திருப்போருக்கும்,

வணக்கம். புளியந்தோப்பில் பிறந்து, கானா ஒலிக்கும் தெருவிலேயே வளர்ந்த ஒரு பெண் இதை எழுதுகிறேன். கானாவை இழித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த நகரத்தில் பஞ்சமில்லை. அவர்களில் பலர் பாட்டைக் கேட்டுவிட்டு முகம் சுளிப்பதில்லை. பாடுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று தெரிந்துகொண்டு சுளிக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கேட்கிறவர்கள் மாறி இத்தனை காலம் ஆன பிறகும், நம் பாட்டு ஏன் பழைய கூட்டத்தைப் பார்த்தே பாடிக்கொண்டிருக்கிறது என்பதை உங்களிடமே கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

துறைமுகத்திலும் ஆலையிலும் ரயில்வே பட்டறையிலும் உடம்பை வருத்திய மக்கள், இறந்தவரின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருப்பதற்காகப் பாடிய பாட்டு கானா. தீப்பெட்டியோ பானையோ எது கைக்குக் கிடைத்ததோ அதுவே தாளம். தெரிந்த சினிமா மெட்டு எதுவோ அதுவே ராகம். ஆனால் அந்தச் சாவு வீட்டில் இரண்டு வகைப் பாட்டு இருந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. உள்ளே, உடலைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெளியே, பந்தலில் ஆண்கள் கானா பாடினார்கள். செத்தவர் யாரிடம் எப்படிப் பேசினார், எதற்கு அழுதார், யாருக்குக் கடன்பட்டார் என்பதெல்லாம் உள்ளே பாடப்பட்டது. அவர் எந்த ஏரியா, யாருடன் நின்றார், எப்படி வாழ்ந்தார் என்பதெல்லாம் வெளியே பாடப்பட்டது. கானாவில் விளிக்கப்படுகிறவர் எப்போதும் அண்ணனாகவோ தம்பியாகவோ நண்பனாகவோ இருப்பதற்கு அந்தப் பந்தல்தான் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆண்கள். அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

அந்தப் பந்தலைத் தாண்டிப் பாட்டு வெளியே வந்து பல காலம் ஆகிவிட்டது. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானாவைத் தமிழ்நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். 1996இல் 'காதல் கோட்டை' படத்துக்காக அவரே பாடிய கானா, ஓடும் ரயிலையோ மின்சார ரயில் நிலையத்தையோ பார்த்திராத ஊர்களிலும் ஒலித்தது. (நம் தாத்தாமார்கள் உழைத்த பின்னி ஆலை மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான், வேலை போன தெருவின் பாட்டு, வேலை போன பிறகுதான் ஊருக்கெல்லாம் பிடித்துப்போனது.) 2006இல் கானா உலகநாதன், 2012இல் கானா பாலா என்று நம் குரல்கள் திரையில் தொடர்ந்து வந்தன. பிறகு கைப்பேசி வந்தது. இப்போது ஷேர் ஆட்டோவில் கல்லூரிக்குப் போகிற பெண்ணும், அடுக்குமாடி வீடுகளில் வேலை முடித்துத் திரும்புகிற அம்மாவும், ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் மிஷின் முன் உட்கார்ந்திருக்கும் அக்காவும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது உங்கள் பாட்டைத்தான். நீங்கள் எண்ணிப் பார்த்து மகிழ்கிற அந்தப் பார்வை எண்ணிக்கையில் நாங்களும் இருக்கிறோம்.

கானாவுக்கு மாறத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏப்ரல் 14 அன்று வியாசர்பாடியிலும் ஓட்டேரியிலும் அம்பேத்கரைப் பாடாத மேடை உண்டா? படிப்பைப் பற்றி, குடியின் கேட்டைப் பற்றி, சுடுகாட்டில்கூட ஒட்டிக்கொண்டிருக்கும் தீண்டாமையைப் பற்றியெல்லாம் நீங்கள் பாடிவிட்டீர்கள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, இட ஒதுக்கீட்டையும் மலக்குழி மரணங்களையும் கானாவில் பாட முடியும் என்பதை ஊரே பார்த்தது. அந்த மேடையில் நின்ற ராயபுரத்துக் கானா பாடகி இசைவாணி, 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். சாதியைப் பற்றிப் பேசும்போது நம் பாட்டு அப்படித் தலைநிமிர்ந்து நின்றது. கேட்டவர்களையும் நிமிர வைத்தது. அதே பாட்டு, பெண்ணைப் பற்றிப் பேச வந்தவுடன் ஏன் இருபது வருடம் பின்னால் போய்விடுகிறது?

காதல் தோல்விப் பாட்டைத்தான் சொல்கிறேன். காதலித்தவன் வலியைப் பாடட்டும். கேட்டு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் வலி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது, மீதிப் பாட்டு முழுவதும் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது. வேண்டாம் என்று அவள் சொன்னது துரோகம். அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டது பணத்தாசை. அவள் படிக்கப் போனது திமிர். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, தன்னைத் தொல்லை செய்துகொண்டிருந்தவனால் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டாள். அதற்கு எந்தப் பாட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்பிய பெண்கள், அன்று மாலையே தெருமுனை ஸ்பீக்கரில் மறுத்தவளைத் தண்டிக்கச் சொல்லும் ஒரு பாட்டைக் கடந்துதான் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்தப் பாட்டுக்குக் கைதட்டிய தம்பிகள் கெட்டவர்கள் இல்லை, எங்களோடு வளர்ந்தவர்கள். தங்கள் அக்காவின் படிப்புக்காக மூட்டை தூக்கியவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். வாழ்க்கையில் அவர்கள் எவ்வளவோ தூரம் முன்னே வந்துவிட்டார்கள், பாட்டுதான் அவர்களைப் பின்னால் இழுக்கிறது.

"பசங்க அதத்தான் கேக்குறாங்க" என்ற பதில் எனக்குத் தெரியும். சினிமாக்காரர்கள் வந்து கேட்பதும் குத்துக்கோ காதல் தோல்விக்கோதான், நம் வாழ்க்கையை அவர்கள் கேட்பதில்லை என்பதும் உண்மை. உங்களுக்குக் கிடைக்கிற சம்பளம் எவ்வளவு, கச்சேரி இல்லாத மாதங்களை எப்படிக் கடத்துகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அம்பேத்கர் பாட்டை யாரும் கேட்டு வாங்கவில்லை. நீங்கள்தான் முதலில் பாடினீர்கள், கூட்டம் பிறகு வந்தது.

இதற்காகப் போலீசையோ தணிக்கையையோ அழைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம் தெருவுக்குள் போலீஸ் வருவது எப்படி முடியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். பெண்ணை மேடையேற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. பழைய பாட்டு ஒன்றுக்காக 2024 நவம்பரில் இசைவாணி மீது கொட்டப்பட்ட வசைகளைப் பார்த்த பிறகு, எந்த அம்மா தன் மகளின் கையில் தைரியமாக மைக்கைக் கொடுப்பாள்? பாட வருகிற பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பதும், அவளுக்கும் உங்களுக்குத் தரும் அதே சம்பளத்தைத் தருவதும், கச்சேரி முடிந்து வீடு சேர வண்டி ஏற்பாடு செய்வதும் நடத்துகிறவர்களின் வேலை. சேனல் வைத்திருப்பவர்கள் அவளது வீடியோவின் கீழே எழுதப்படும் அசிங்கங்களை அன்றன்றே நீக்க வேண்டும்.

பாடகர்களிடம் கேட்பது வேறு. காரியத்துக்குப் பாட அழைக்கப்படும்போது இறந்தவரைப் பற்றிய விவரம் வாங்கி எழுதிக்கொள்கிறீர்கள். இறந்தவர் ஒரு பெண் என்றால், அந்த விவரம் பெரும்பாலும் அவர் பெற்ற மகன்களின் பெயரோடும் மருமகன்களின் பெருமையோடும் நின்றுவிடுகிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து விற்றவள், குப்பை வண்டி தள்ளியவள், மகளிர் குழுக் கடனைத் தன் பெயரில் வாங்கி மகளை நர்சிங் படிக்க வைத்தவள் என்ற ஒரு வரி அதில் வருவதில்லை. அடுத்த முறை விவரம் கேட்கப் போகும்போது, வாசலில் நிற்கும் ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உள்ளே போய், ஒப்பாரி வைத்த பெண்களின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, செத்துப்போனவள் என்ன வேலை செய்தாள், யாரை எதிர்த்து நின்றாள் என்று கேளுங்கள். ஒரு பாட்டுக்கு மேலேயே சொல்வார்கள்.

இப்படிக்கு,
புளியந்தோப்பிலிருந்து
உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி