பாணுக்கும் அடுப்புக்கும் நன்றி

ஸ்பிரிங்வேல் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் சின்ன வியட்நாமிய பேக்கரியின் அக்காவுக்கு, கல்லாவில் நிற்கும் அவருடைய மகளுக்கு, என்னோடு வேலை செய்யும் போர்க்லிஃப்ட் அண்ணனுக்கு, அன்று வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை முணுமுணுக்காத அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு,

உங்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. பரவாயில்லை, மெல்பேர்ன் தமிழர்கள் வாசிக்கட்டும். நேரில் நன்றி சொல்ல வந்தால் "நோ வொரீஸ்" என்று கையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறீர்கள். முழுதாகச் சொல்லி முடிக்க எனக்கு வேறு வழியில்லை.

முதலில் அண்ணன். இரவு வேலை முடிந்து இருவரும் ஒரே ரயிலில்தான் வந்து இறங்குவோம். இரண்டு வருடமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் "போர்க் ரோல்", அதாவது பன்றியிறைச்சி ரோல், என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்து, இது நமக்குச் சரிவராது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர்தான், "நீ இன்றைக்கு மச்சம் சாப்பிட மாட்டாய், தெரியும். வா" என்று இழுத்துக்கொண்டு போனார். "சாய்" என்று ஒரு சொல் சொல்லிக் கொடுத்தார். தேநீர் இல்லை, அவர்கள் மொழியில் சைவச் சாப்பாடு.

அக்காவை எப்படிக் கூப்பிடுவது என்றும் சொல்லிக் கொடுத்தார். நம்மைப் போலவே அவர்களும் முறை சொல்லித்தான் பேசுவார்கள், வெறும் பெயர் சொல்வது மரியாதையில்லை. அக்காவுக்கு அவர்கள் சொல்லும் சொல், கீழே அழுத்திச் சட்டென்று நிறுத்துகிற ஒரு "சீ". தலை நரைக்கத் தொடங்கிய ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே "சீ" என்று சொல்ல, தமிழ் பேசி வளர்ந்த எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த முதல் ரோலை இன்னும் மறக்கவில்லை. அக்கா பாணை ஒரு பக்கமாகக் கீறினார். கத்தி இறங்கும்போது மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்து மேசையெல்லாம் தூள். உள்ளே பஞ்சு. பொரித்த டோஃபு, சோயா சோஸில் ஒரு சொட்டு, வினாகிரியில் ஊறிய கரட்டும் முள்ளங்கியும், நீளமாகச் சீவிய வெள்ளரி, தண்டோடு மல்லித்தழை. பிறகு தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி: "மிளகாய்?" மூன்று துண்டு என்றேன். கடதாசிப் பையில் சுற்றி ஒரு ரப்பர் வளையம். பிளாட்போர்ம் வாங்கிலேயே இருந்து சாப்பிட்டு முடித்தேன். வேலைச் சட்டையிலிருந்து பாண் தூளைத் தட்டி முடிக்க அதைவிட அதிக நேரம் ஆனது.

மகளுக்கும் ஒரு நன்றி, என்னைத் திருத்தியதற்கு. அந்த ரோலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் "பான் மீ". தெற்கு வியட்நாம்காரர் சொல்லும்போது அந்தப் "பான்" நம் "பாண்" போலவே கேட்கிறது. போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போன சொல் அவர்களிடமும் போயிருக்கிறது என்று நான் ஒரு கதையே கட்டி வைத்திருந்தேன். அவள் சிரித்தாள். பான் அவர்களிடம் வெகுகாலமாகவே இருக்கும் சொல்லாம். அரிசிமாவில் சுடுவது, அவிப்பது எல்லாமே பான். மீ என்றால் கோதுமை. பாணைக் கொண்டுவந்தது பிரெஞ்சுக்காரர், உள்ளே இத்தனையையும் அடைத்துக் கையில் கொடுத்தது சைகோன்காரர். 1954இல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து தெற்கே வந்த ஒரு குடும்பம் 1958இல் அங்கே தொடங்கிய ஹோவா மா என்ற கடையை அதற்கு முன்னோடி என்பார்கள்.

சரி, இப்போது அடுப்புக் கதை. போன ஒக்டோபரில் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்தார். வந்த இரண்டாம் கிழமை வாடகை வீட்டு அடுப்பு செத்துப்போனது. வீட்டு ஏஜென்ட்டுக்கு எத்தனையோ மின்னஞ்சல் போட்டேன். எல்லாவற்றுக்கும் "அடுத்த வாரம்" என்றுதான் பதில். பத்தொன்பது நாள். சோற்றுக்கு ரைஸ் குக்கர் இருந்தது. கறிக்கு? கந்தசஷ்டி வேறு வந்துகொண்டிருந்தது.

விரதம் தொடங்க முதல் நாள், அமாவாசையன்று, வேறு வழியில்லாமல் அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வெளியில் சாப்பிடுகிற ஆள் இல்லை. கண்ணாடிக்குள் இருந்த இறைச்சியைப் பார்த்ததும் என் கையைப் பிடித்தார். "உது வெட்டின கத்தியாலதானே எங்களுக்கும் வெட்டுவினம்?" பின்னால் வரிசை வாசல் வரை. நான் மெதுவாகத்தான் மகளிடம் சொன்னேன், அவள் தாயிடம் சொன்னாள். அக்கா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கத்தியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, நன்றாகவே கேட்டது. திரும்பி வந்தபோது வேறு கத்தி, வேறு பலகை, புதுக் கையுறை. முட்டை சேர்ந்த அந்த மஞ்சள் வெண்ணெய்ப் பூச்சையும் நாங்கள் கேட்காமலே ஒதுக்கி வைத்தார். வரிசையில் ஒருவரும் கடிகாரம் பார்க்கவில்லை.

மகள் சொன்னாள், "இன்றைக்கு அம்மாவும் சாய்தான்." அவர்கள் நாட்காட்டியில் அமாவாசைதான் மாதத்தின் முதல் நாள். அந்த நாளிலும் பூரணையிலும் அவர்களிலும் பலர் மச்சம் தொட மாட்டார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னதும் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப எங்கட ஆக்கள்தான்" என்றார். அதோடு கத்தி விசாரணை முடிந்தது. மிளகாய் மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டார். அக்கா அள்ளிப் போட்டார்.

ஆறு நாள் அம்மாவுக்குப் பாலும் பழமும். ஏழாம் நாள் விடியப் பாறணை. கறி வைக்காமல் பாறணையா? ஆறாம் நாள் காலை ரோல் வாங்கப் போனபோது, வீட்டில் அடுப்பில்லை, அம்மா அழுகிறார் என்று புலம்பிவிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பணத்தை வாங்கினார், மிச்சம் தந்தார். அன்று பின்னேரம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அண்ணன். கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே மேசையில் வைத்து எரிக்கும் சின்ன காஸ் அடுப்பு, நான்கு காஸ் டின். அவர்கள் வீடுகளில் சட்டியை மேசை நடுவில் கொதிக்கவைத்துச் சுற்றியிருந்து சாப்பிடுவார்களே, அந்த அடுப்பு.

ஏன் இவ்வளவு என்று பிறகு மகளைக் கேட்டேன். அக்கா சின்னப் பிள்ளையாக வந்து இறங்கியது இதே ஸ்பிரிங்வேலில், வெஸ்டால் வீதி என்டர்பிரைஸ் ஹொஸ்டலில். 1970இலிருந்து 1992 வரை புதிதாக வந்தவர்களைத் தங்கவைத்த இடம். சாப்பாடு பொது மண்டபத்தில், அங்கே தருவதைத்தான் சாப்பிட வேண்டும். "பாட்டிக்கு மாதக்கணக்கில் சொந்தமாக ஒரு சட்டி வைக்க முடியவில்லையாம். அம்மா இன்னும் அதைச் சொல்வார்" என்றாள்.

அந்த ஒற்றை அடுப்பில் அம்மா விடிய நாலு மணியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, கீரை, சொதி எல்லாம் வைத்தார். அடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரமும் போனது. நம் வீடுகளில் ஏனத்தை வெறுமனே திருப்ப மாட்டோம். டப்பா திரும்பி வந்தபோது அதற்குள் ஈரக் கடதாசியில் சுற்றிய இரண்டு மிளகாய்க் கன்று.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முதல் கேள்வி என் உடம்பைப் பற்றி இல்லை, "அந்தப் பிள்ளையின்ர கடைக்குப் போனனியோ?" அந்தப் பிள்ளைக்கு எப்படியும் ஐம்பது வயதாவது இருக்கும்.

கன்று இரண்டும் பின்வளவில் காய்க்கத் தொடங்கிவிட்டன, நல்ல உறைப்பு. நாளை இரவு வேலை முடிந்து வரும்போது ஒரு கைப்பிடி கொண்டுவருகிறேன், சீ. எனக்கு மூன்று துண்டு போதும்.

அன்புடன்,
அடுப்பில்லாத வீட்டுப் பொடியன்