செவலையை அடிவாரத்தில் விட வேண்டாம், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் போனில் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அடுப்படியில் திருடுகிறான் என்று உங்கள் பூனை செவலையைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று சித்தப்பா முடிவு பண்ணிவிட்டாராம். சொல்லும்போது உங்கள் குரலும் சரியாக இல்லை. இப்படி 'திருட்டுப் பூனை' என்று சொல்லி மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டவர்கள் எங்கள் அம்மாப்பேட்டைத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உங்களிடம் கேட்டுக்கொண்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

காப்பிப் பழம் பறிக்கும் சமயத்தில் ஏற்காட்டில் உங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினேன் அல்லவா, அப்போது அவனை நன்றாகக் கவனித்தேன். விடிகாலை நாலரை மணி. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். முதலில் நெஞ்சின் மேல் ஒரு பாரம். அப்புறம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பாதத்தால் கன்னத்தில் இரண்டு தட்டு. நான் அசையவில்லை. இறங்கி அடுப்படிக்குப் போனான். பின்னாலேயே போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். வலை அலமாரி முன்னால் பின்னங்காலில் எழுந்து நின்றான். முன்னங்காலைக் கதவிடுக்கில் விட்டுக் கொக்கியைக் கீழிருந்து ஒரு நெம்பு நெம்பினான். கழலவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு நெம்பு. 'டிக்' என்று கழன்றுகொண்டது. பக்கத்தில் இருந்த பால் சொம்பை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. கருவாட்டு டப்பாவை மட்டும் மூக்கால் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுவந்து கீழே விழவைத்தான். விழுந்தால் மூடி திறந்துகொள்ளும் என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

'திட்டம் போட்டுத் திருடுகிறான்' என்கிறார் சித்தப்பா. அது திட்டம் இல்லை, பழக்கம். 1898-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பசித்த பூனைகளை மரப்பெட்டிக்குள் விட்டு, வெளியே சாப்பாட்டை வைத்து, அவை தாழ்ப்பாளைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு தடவையும் குறித்து வைத்தார். எந்தப் பூனையும் யோசித்துச் சட்டென்று திறந்துவிடவில்லை. கடித்து, பிராண்டி, எப்படியோ ஒருமுறை திறந்துகொள்ளும். அடுத்த தடவை வீண் அசைவுகள் கொஞ்சம் குறையும். சாப்பாடு கிடைக்க வைத்த அசைவு மட்டும் கடைசியில் தங்கும். செவலையின் கையும் அப்படித் தேறிய கைதான். அதில் பகையும் இல்லை, வஞ்சமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த அலமாரி அவனுக்குக் கூலி கொடுத்திருக்கிறது.

அவன் ஏன் பாலை விட்டுக் கருவாட்டுக்குப் போனான் என்பதை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். காலையில் பால் சோறு, ராத்திரி பால் சோறு. இது நம் எல்லார் வீட்டு வழக்கம், உங்கள் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பூனை மாமிசம் தின்றே வாழப் பிறந்த உயிர். டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் கெடும். இதயம் வீங்கிப் பலவீனமாகும் என்பதும் 1987-லேயே தெரிந்துபோயிற்று. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது. வயிறு நிறைய சோறு தின்றாலும் அவனுக்கு வேண்டியது கிடைக்கவில்லை, சித்தி. போதாததற்குப் போன வருஷம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினீர்கள். பண்ணியது நல்லதுதான். ஆனால் அதற்கப்புறம் பூனைகளுக்குப் பசி கூடும்.

அதனால் முதல் வேலை, சேலத்துக்குக் கூட்டிவந்து ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. வயிற்றில் பூச்சி இருந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும், வயதான பூனைக்குத் தைராய்டு கூடினாலும் சாப்பாட்டுக்கு இப்படித்தான் பறக்கும். நோயை வைத்துக்கொண்டு பழக்கத்தைத் திருத்த முடியாது.

அடுத்தது சித்தப்பா. இதை நான் சொல்வதற்கு அவர் மன்னிக்க வேண்டும். பொரித்த மீன் சாப்பிடும்போது அவன் மடியோரம் வந்து உட்கார்ந்தால் ஒன்பது நாள் விரட்டுகிறார், பத்தாம் நாள் பாவம் என்று ஒரு துண்டு போடுகிறார். தினமும் போடுவதைவிட இதுதான் மோசம். தாத்தாவை நினைத்துப் பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை பண்ணும் வரை சம்பளத்தில் ஒரு பங்கு சீட்டுக்கே போனது. எப்போதோ ஒருமுறை விழுந்த ஐநூறு ரூபாய்தான் அவரை அத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு போனது. ஒருமுறைகூட விழாமல் இருந்திருந்தால் சீக்கிரமே வெறுத்துப்போய் விட்டிருப்பார். செவலைக்கு அந்தப் பத்தாம் நாள் துண்டுதான் ஐநூறு ரூபாய்.

உங்களுக்கோ அவன் குரல். 'குழந்தை அழுகிற மாதிரியே இருக்குது, மனசு கேட்கல' என்றீர்கள். நீங்கள் கேட்டது பிரமை இல்லை. பூனை சாப்பாடு கேட்கும்போது போடும் குர்ர் சத்தத்துக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த ஒரு மெல்லிய குரலும் கலந்திருக்கிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் 2009-ல் எழுதியிருக்கிறார்கள். பூனையே வளர்க்காதவர்களுக்குக்கூட அந்தச் சத்தம் அவசரமாகத்தான் பட்டது. அதனால் நாலரை மணிக்கு மனசு இளகினால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். எழுந்து மட்டும் போகாதீர்கள்.

கேட்டதும் கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாள் அவன் முன்னைவிட அதிகமாகக் கத்துவான். புதுசாக ஏதாவது செய்தும் பார்ப்பான். இந்த இடத்தில்தான் நான் தோற்றேன். எங்கள் பூனை வெள்ளச்சிக்கு ஆறாம் நாள் ராத்திரி, பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறதே என்று எழுந்து மீன் வைத்துவிட்டேன். கொஞ்சம் கத்தினால் போதாது, அவ்வளவு நேரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று நானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அவள் அடங்க முழுசாக மூன்று வாரம் ஆனது. நீங்கள் பக்கத்து வீட்டில் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஆனால் பட்டினி போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாத பூனைக்கு, அதிலும் குண்டுப் பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஒரு நாளைக்குரியதை நாலைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். பூனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்பதுதான் இயல்பு. உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், வெந்த கோழி, முட்டை, இதோடு டாரின் சேர்த்த கடைத் தீனி. மீன் குழம்புச் சோறு மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கருவாட்டு உப்பும் ஆகாது.

ராத்திரி படுக்கும் முன் கால் மணி நேரம் ஒரு கயிற்றை இழுத்து அவனை ஓடவிடுங்கள், உடனே கடைசி வேளையை வையுங்கள். வேட்டையாடி, தின்று, உடம்பை நக்கிவிட்டுத் தூங்குவது பூனையின் வழக்கம். காலையில் நீங்கள் எழுந்ததும் சாப்பாடு என்ற கணக்கையும் உடையுங்கள். பல் விளக்கி, காப்பி குடித்து, வாசல் தெளித்துவிட்டு அப்புறம் வையுங்கள். எழுப்பினால் கிடைக்காது என்று அவனுக்கே புரியும்.

அவன் கெட்டிக்காரத்தனத்துக்கும் வேலை வேண்டும். நான் வெள்ளச்சிக்குக் கொட்டாங்குச்சி நாலைந்தைக் கவிழ்த்து, இரண்டில் மட்டும் கோழித் துண்டை ஒளித்துவைப்பேன். ஒவ்வொன்றாக முகர்ந்து, புரட்டி, கண்டுபிடித்துத் தின்ன அவளுக்கு இருபது நிமிஷம் ஆகும். முட்டை அட்டைக் குழிகளில் தீனியைப் போட்டாலும் சரி. கொக்கி கழற்றும் கைக்கு அது நல்ல வேலை.

விளக்குமாற்றை மட்டும் தொடவே வேண்டாம். அடித்தால் அலமாரி மேல் ஆசை போகாது, உங்கள் மேல் பயம்தான் வரும். நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத் திறப்பான்.

கொக்கியைக் கழற்றி எறிந்துவிடலாம். அவனால் நெம்ப முடியாத தாழ்ப்பாள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வருகிறேன், திருப்புளியும் கொண்டுவருகிறேன். அதுவரை கருவாட்டு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கோணிப்பையை எங்கேயாவது மறைத்து வையுங்கள், சித்தப்பாவிடம் நான் வந்து பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்